குரலைத் தவிர மற்றதெல்லாம்: பீட்டில்ஸ் கார்ட்டூன் தொடர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1965 செப்டம்பர் 25ஆம் தேதி சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் பிரிட்டனின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பாத்திரங்களாக்கிய ‘தி பீட்டில்ஸ்’ என்ற அரை மணி நேரக் கார்ட்டூன் தொடர் தொடங்கியது. புதிய பகுதிகள் 1967 வரை வந்தன. மறு ஒளிபரப்பு 1969 செப்டம்பர் வரை நீடித்தது. மொத்தம் 39 பகுதிகள், பகுதிக்கு 2 வீதம் 78 கதைகள். உயிரோடு, அதுவும் புகழின் உச்சியில் இருந்த மனிதர்களை வாரந்தோறும் கார்ட்டூனாகக் காட்டிய முதல் தொடர் என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் இந்தத் தொடருக்காக ஒரு வரி வசனம்கூடப் பேசவில்லை. அதன் உருவாக்கத்திலும் தலையிடவில்லை. அவர்களுடைய பெயரும், முகச்சாயலும், ஏற்கெனவே பதிவாகி இசைத்தட்டாக வந்துவிட்ட பாட்டுகளும்தான் அதில் இருந்தன.

ஓர் இசைக்குழுவிடமிருந்து இவ்வளவை மட்டும் பெற்றுக்கொண்டு ஒரு தொடரை எவ்வளவு காலம் ஓட்ட முடியும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. தொடரின் வெற்றிக்கும் தேய்வுக்கும் காரணம் ஒன்றேதான் என்பது என் கருத்து. நால்வரின் தோற்றத்தை 1964இல் நிறுத்திவைத்துவிட்டு, பாட்டை மட்டும் ஆண்டுதோறும் புதிதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். தோற்றமும் பாட்டும் பொருந்திய வரையில் தொடர் நன்றாக ஓடியது. பாட்டு வேறு திசையில் போகத் தொடங்கியபோது, படம் அதன் பின்னால் போக முடியாமல் நின்றுவிட்டது.

ஒப்பந்தம் உருவான விதம்

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடியதை அமெரிக்காவில் ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தனர். அந்த அலையைப் பார்த்து இதைக் கார்ட்டூனாக்கலாம் என்று முடிவெடுத்தவர் ஆல் பிரோடாக்ஸ். அவர் வேலை பார்த்த கிங் ஃபீச்சர்ஸ், நாளிதழ்களுக்குப் படக்கதைத் தொடர்களை விநியோகிக்கும் நிறுவனம். அதன் தொலைக்காட்சிப் பிரிவுக்காக அவர் 1960 முதல் இரண்டே ஆண்டுகளில் 220 ‘பாப்பாய்’ குறும்படங்களைத் தயாரித்துக் குவித்திருந்தார். ஒரே ஸ்டுடியோவால் செய்யக்கூடிய வேலையா அது? பல ஸ்டுடியோக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, தேதிக்குள் வாங்கி, தரம் ஏறினாலும் இறங்கினாலும் கணக்கை முடித்துவிடுவது அவருடைய முறை. பீட்டில்ஸ் தொடரின் பலவீனங்களைப் புரிந்துகொள்ள விரும்புபவர் இந்த 220 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மறுபக்கத்தில் இருந்தவர் குழுவின் மேலாளர் பிரயன் எப்ஸ்டீன். கலைஞர்களைக் கண்டெடுப்பதிலும் அவர்களைக் காப்பதிலும் அவருக்கு இருந்த கூர்மை, பெயரை விற்கும் வியாபாரத்தில் இருக்கவில்லை. பீட்டில்ஸ் பெயரிட்ட பொம்மை, சட்டை, விக் போன்ற பொருட்களுக்கான அமெரிக்க உரிமையை அவர் தரப்பு வெளியாருக்குக் கொடுத்தபோது, வருமானத்தில் 90 விழுக்காடு அந்த வெளியாருக்கே என்று எழுதிக்கொடுத்துவிட்டது. பிற்பாடு அதைத் திருத்தப் பெரும்பாடு படவேண்டியிருந்தது. கார்ட்டூன் ஒப்பந்தமும் அதே காலத்து மனநிலையில் பிறந்ததுதான். இந்தப் புகழ் எவ்வளவு நாள் நிற்குமோ தெரியாது, இருக்கும்போது விற்றுவிடவேண்டும் என்ற எண்ணம் அன்று பாப் இசை உலகம் முழுவதிலும் இருந்தது. எப்ஸ்டீனை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. நால்வருக்கும் நேரம் இல்லை. நேரம் கேட்காத ஒரு தொடர் வலிய வந்தது. இரு தரப்புக்கும் வசதியாக அமைந்த ஏற்பாடு அது.

வேலை நடந்த விதம்

படம் வரையும் பொறுப்பின் பெரும் பகுதி இரண்டு ஊர்களுக்குப் போனது. ஒன்று லண்டனில் ஜார்ஜ் டன்னிங், ஜான் கோட்ஸ் இருவரும் நடத்திய டிவிசி ஸ்டுடியோ. மற்றொன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருந்த ஆர்ட்ரான்சா. லிவர்பூல்காரர்களைப் பற்றிய ஒரு தொடருக்கு அமெரிக்கர்கள் பணம் போட, படத்தின் பாதி சிட்னியில் உருவானது. வெவ்வேறு நாட்டில் உட்கார்ந்து வரைபவர்களின் கையில் ஒரே ஜான், ஒரே பால் வரவேண்டும் என்பதற்காக, டிவிசியில் பீட்டர் சாண்டர் நால்வருக்கும் மாதிரி ஓவியங்கள் வரைந்து கொடுத்தார். தலையை எப்படிச் சாய்ப்பார், எப்படி நிற்பார், பேசும்போது எங்கே பார்ப்பார் என்பது வரைக்கும் அதில் குறிக்கப்பட்டது. ஜான் தலைவர், பால் நாசூக்கானவர், ஜார்ஜ் அதிகம் பேசாதவர், ரிங்கோ அப்பாவி என்ற நான்கு அச்சுகள் அங்கே வார்க்கப்பட்டன. அவை கார்ட்டூன் ஓவியர்களின் கற்பனையில் பிறந்தவையும் அல்ல. 1964இல் வந்த குழுவின் முதல் திரைப்படமும் பத்திரிகையாளர் சந்திப்புகளும் ஏற்கெனவே மக்கள் மனத்தில் பதித்திருந்த உருவங்களைத்தான் ஓவியர்கள் கோடுகளாக்கினார்கள்.

திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். இரண்டு சட்டகத்துக்கு ஒரு படம் என்று வைத்தாலும், ஒரு நிமிட முழு அசைவுக்கு 720 படங்கள் தேவை. சனிக்கிழமைக் காலைச் சிறுவர் நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் பணத்தில் அதைச் செய்ய முடியாது. ஆகவே உடம்பை ஒரே படமாக அசையாமல் வைத்து வாயை மட்டும் தனித் தாளில் மாற்றுவது, ஓடும் கால்களைச் சுற்றுமுறையில் திரும்பத் திரும்பப் போடுவது, ஆளை நிறுத்திவிட்டுப் பின்னணியை இழுப்பது ஆகிய அன்றைய தொலைக்காட்சி உத்திகள் அனைத்தும் இதில் தாராளமாக உண்டு. முதல் ஆண்டில் மட்டும் 26 பகுதிகள், அதாவது 52 கதைகள் முடிந்தாகவேண்டும். கிதாரை இடக்கையால் வாசிக்கும் பால் சில காட்சிகளில் வலக்கையால் வாசிப்பதைப் பார்த்து ரசிகர்கள் கோபப்படுவதுண்டு. அந்த வேகத்தில் கிதார் கையில் இருந்ததே பெரிது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு பகுதிக்கும் மாறாத ஓர் அமைப்பு இருந்தது. ஒரு பாட்டின் தலைப்பைத் தாங்கிய கதை, அதில் அந்தப் பாட்டு. நடுவே பார்வையாளர்கள் கூடவே பாடுவதற்கு இரண்டு பாட்டுகள். பிறகு இன்னொரு பாட்டின் பெயரில் இன்னொரு கதை. முதல் நாள் ஒளிபரப்பில் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ கதையில் நால்வரும் ஒத்திகைக்கு அமைதியான இடம் தேடி டிரான்சில்வேனியாவில் ஒரு பேய் மாளிகைக்குப் போய்ச் சேர்கிறார்கள். ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹாண்ட்’ கதையில் கப்பலில் துரத்தும் ரசிகைகளிடமிருந்து தப்பி ஒரு நீர்மூழ்கிக் கூண்டுக்குள் ஒளிகிறார்கள். கூண்டு கடலுக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே ஓர் எண்காலி காதல் வயப்படுகிறது. கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பாடும் பாட்டுக்கு எட்டுக் கைகள் உள்ள ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது மொத்தத் தொடரிலும் எனக்குப் பிடித்த நகைச்சுவை. எல்லாக் கதைகளும் இந்த அளவுக்குக்கூட யோசித்துச் செய்யப்பட்டவை அல்ல. பெரும்பாலானவற்றில் பாட்டின் தலைப்பில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, நால்வரையும் ஏதாவது ஒரு நாட்டில் இறக்கி, ரசிகைகளையோ வில்லனையோ துரத்தவிட்டு, துரத்தலின் மேல் பாட்டை ஓடவிட்டுவிடுவார்கள்.

கூடவே பாடும் பகுதிதான் கவனிக்கத்தக்கது. நால்வரில் ஒருவர் வந்து பாட்டை அறிவிப்பார்; மேடைச் சாமான் எடுத்துவைக்கும் உதவியாளாக ரிங்கோ வந்து எதையாவது சொதப்புவார்; பிறகு பாட்டு வரிகள் திரையில் எழுத்தாக ஓட, அசல் இசைத்தட்டுப் பதிவு ஒலிக்கும். ஒவ்வொரு வாரமும் கதைகளுக்கு இரண்டு, இதற்கு இரண்டு என நான்கு பாட்டுகள். சொந்தமாகத் தட்டு வாங்கக் காசில்லாத ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் ஒளிபரப்பின்போது அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் பாதிக்கு மேல் இத்தொடரைக் காட்டின என்று அன்றைய பார்வையாளர் கணக்கு சொன்னது. அந்தக் கூட்டத்தை இழுத்து வந்தது ஓவியமோ கதையோ அல்ல, நான்கு பாட்டுகள்.

குரல் என்ற சிக்கல்

வசனம் பேச இருவர் அமர்த்தப்பட்டனர். ஜானுக்கும் ஜார்ஜுக்கும் அமெரிக்கரான பால் ஃப்ரீஸ். பாலுக்கும் ரிங்கோவுக்கும் ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் லான்ஸ் பெர்சிவல். ஃப்ரீஸ் கார்ட்டூன் குரல் உலகில் பெரிய கை. ‘ராக்கி அண்ட் புல்விங்கிள்’ தொடரில் போரிஸ் படனாவ் என்ற ரஷ்யச் சாயல் வில்லனுக்குக் குரல் கொடுத்தவர். லிவர்பூல் பேச்சு அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று தயாரிப்பாளர்கள் அஞ்சினார்கள். ஆகவே அவர் பேசிய ஜான் லிவர்பூலுக்கும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே எங்கோ பிறந்தவர்போல் பேசுவார். ஜார்ஜின் பேச்சில் அயர்லாந்து வாடை அடிக்கும். பெர்சிவலின் ரிங்கோவுக்கு ஓர் அசட்டுச் சிரிப்பு ஒட்டவைக்கப்பட்டது.

இதைக் கேட்ட நால்வருக்கும் பிடிக்கவில்லை. எப்ஸ்டீன் இத்தொடர் பிரிட்டனில் ஒளிபரப்பாகக் கூடாது என்று தடுத்துவிட்டார். 1980கள் வரை அங்கே அது வரவில்லை. சொந்த ஊர்க்காரர்கள் முதல் வசனத்திலேயே கண்டுபிடித்துவிடக்கூடிய போலியை அந்நியர்களுக்கு மட்டும் விற்பது என்ற அந்த முடிவில், ஒப்பந்தத்தின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கதையிலும் இரண்டு குரல்கள் மாறி மாறிக் கேட்கின்றன: வசனத்தில் வாடகைக் குரல், பாட்டில் அசல் குரல். ஜான் பேசி முடித்து அடுத்த நொடி பாடத் தொடங்கும்போது வேறொரு மனிதர் நுழைவது காதுக்குத் தெளிவாகத் தெரியும். இன்றைய பார்வையாளருக்கு அது நெருடல். அன்றைய அமெரிக்கப் பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் பீட்டில்ஸ் பேசிக் கேட்பது அவர்களுக்கு அரிது, பாடித்தான் கேட்டிருந்தார்கள்.

காலம் போகப்போக நால்வரின் மனமும் இளகியது. பின்னாளில் லெனனும் ஹாரிசனும் இத்தொடரைப் பரிவோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அது மோசமாக இருந்ததே ஓர் அழகு என்ற பொருளில் ஹாரிசன் பேசினார். தன்னைப் பற்றிய கேலிச்சித்திரத்தை முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். தொடரின் தரத்துக்குக் கிடைத்த சான்றிதழாக அதைக் கொள்ளக் கூடாது.

பாட்டு முந்திப்போனபோது

1966 ஆகஸ்ட் 29 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் பாடியதோடு பீட்டில்ஸ் கச்சேரிப் பயணங்களை நிறுத்திக்கொண்டனர். அடுத்த மாதம் கார்ட்டூனின் இரண்டாம் பருவம் தொடங்கியது. 7 பகுதிகள் மட்டும். 1967இல் மூன்றாம் பருவம், 6 பகுதிகள். மேடையில் இனிப் பார்க்க முடியாத குழு, சனிக்கிழமைதோறும் அதே கோட்டும் அதே முடியலங்காரமுமாக ரசிகைகளிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

இதற்குள் நிஜமான நால்வரும் மீசை வளர்த்திருந்தார்கள். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, ‘பென்னி லேன்’ பாட்டுகளுக்கான குறும்படங்கள் 1967 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது அந்தப் புதிய முகங்களைப் பார்த்துப் பலர் திடுக்கிட்டனர். அதே இரண்டு பாட்டுகளும் அந்த ஆண்டுக் கார்ட்டூனிலும் வந்தன, மழித்த முகங்களோடு. மாதிரி ஓவியத்தைத் திருத்தி வரைவது மட்டும் பெரிய செலவாக இருந்திருக்காது. ஆனால் அப்படிச் செய்தால் பழைய அசைவுத் தாள்களை மீண்டும் பயன்படுத்த முடியாமல் போயிருக்கும். அதைவிடப் பெரிய காரணம், தொடர் விற்றுக்கொண்டிருந்த சரக்கே அந்த 1964 முகம் என்பது.

முரண்பாடு உச்சத்தைத் தொடும் இடம் ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்ற கதை. 1966 ஏப்ரலில் பதிவான அந்தப் பாட்டு ஏறத்தாழ ஒரே ஸ்வரத் தளத்தின் மேல் நிற்கிறது. சுழலும் ஒலிபெருக்கி வழியே செலுத்தப்பட்ட லெனனின் குரல், பின்னோக்கி ஓடும் கிதார், ஸ்டுடியோவில் ஒரே நேரத்தில் சுழலவிடப்பட்ட ஒலிநாடா வளையங்கள் என்று அன்றைய பாப் இசையில் யாரும் கேட்டிராத ஒரு ஒலி. மனத்தை அணைத்துவிட்டு மிதந்து போ என்று சொல்லும் பாட்டு. கார்ட்டூனில் நால்வரும் ஒரு கிணற்றில் விழுகிறார்கள், பூமிக்கடியில் ஒரு பழங்குடி வாழ்கிறது, தலைவனின் பெண்களைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தல், வழக்கமான ஓட்டம். அந்த ஓட்டத்தின் மேல் அந்தப் பாட்டு. கதை எழுதியவர் பாட்டைக் கேட்டாரா என்று சந்தேகிக்கத் தோன்றும். கேட்டிருந்தாலும் அவரிடம் இருந்த அச்சில் அதை வார்க்க வழியில்லை. ஆனாலும் இந்தப் பாட்டு சனிக்கிழமைக் காலைச் சிறுவர் நேரத்தில், இடையில் தானிய உணவு விளம்பரத்தோடு, அமெரிக்கா முழுவதும் ஒலித்தது என்பதை நினைத்தால் தொடர்மேல் ஒரு மரியாதையும் வருகிறது.

பழங்குடிகளைக் காட்டிய விதத்தை இங்கே தள்ளிவிட முடியாது. ஜப்பான், மெக்சிகோ, ஆப்பிரிக்கா என்று நால்வரை எங்கு இறக்கினாலும், அந்த ஊர் மக்கள் அன்றைய அமெரிக்கக் கார்ட்டூன்களின் இழிவான அச்சுகளிலேயே வரையப்பட்டார்கள். காலத்தின் குற்றம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1964இல் வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியாக உட்காரவைக்கப்படும் அரங்கில் பாடமாட்டோம் என்று சொன்ன குழுவின் பெயரில் இது வந்தது என்பதால், இங்கே அந்தச் சமாதானம் பாதிதான் செல்லும்.

தேய்வுக்கு வெளிக் காரணமும் உண்டு. 1966 இலையுதிர் காலத்தில் போட்டித் தொலைக்காட்சியான சிபிஎஸ் தன் சனிக்கிழமைக் காலையை ‘ஸ்பேஸ் கோஸ்ட்’ போன்ற சாகச வீரர்களால் நிரப்பியது. பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

தொடர் விட்டுச்சென்றவை

இந்த மலிவான தொடரில்லாமல் 1968இல் ‘யெல்லோ சப்மரின்’ என்ற முழுநீள அனிமேஷன் படம் வந்திருக்காது. தொடரின் வெற்றியைக் காட்டித்தான் பிரோடாக்ஸ் அதற்கு எப்ஸ்டீனின் சம்மதத்தைப் பெற்றார். வேலை மீண்டும் டிவிசிக்குப் போனது, இயக்கியவர் டன்னிங். ஆனால் தொடரின் உருவங்களை மீண்டும் வரைய டிவிசியில் யாருக்கும் மனமில்லை. ஜெர்மானிய ஓவியரான ஹைன்ஸ் எடல்மான் அழைக்கப்பட்டார். நால்வரும் மீசையும் நீண்ட உடையுமாகப் புது உருவம் பெற்றார்கள். பாட்டும் படமும் கடைசியில் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையாக ஆயின. அங்கும் வசனம் பேசியவர்கள் வாடகை நடிகர்களே. ஓல்ட் ஃப்ரெட் என்ற பாத்திரத்தில் அதே லான்ஸ் பெர்சிவல் பேசினார். நிஜமான நால்வரும் இறுதியில் சில நிமிடங்கள் நேரில் தோன்றினார்கள். குரல் தராதது ஒரு குறை என்றால் அது இந்தப் படத்தையும் பாதித்திருக்க வேண்டும், பாதிக்கவில்லை. ஆகவே தொடரின் நோய் குரலில் இல்லை, உறைந்துபோன முகத்தில் இருந்தது என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

வேறொரு பாடத்தை எடுத்துக்கொண்டவர் டான் கிர்ஷ்னர். தொலைக்காட்சிக்காகவே சேர்க்கப்பட்ட மங்கீஸ் குழுவின் இசைப் பொறுப்பாளராக இருந்து, அவர்கள் தன்னை எதிர்த்ததால் 1967இல் விலக நேர்ந்தவர் அவர். 1968இல் அவர் ‘தி ஆர்ச்சீஸ்’ என்ற கார்ட்டூன் குழுவுக்கு இசைப் பொறுப்பேற்றார். முகம் வரைந்தது, ஆள் கிடையாது, பாடுபவர்கள் பெயரில்லாத ஸ்டுடியோப் பாடகர்கள். அடுத்த ஆண்டு அவர்களுடைய ‘சுகர், சுகர்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எதிர்த்துப் பேசவோ மீசை வளர்க்கவோ வாய்ப்பில்லாத குழு.

நிஜக் குழுவை வைத்துச் செய்யும் முறை 1971 செப்டம்பரில் அதே ஏபிசியில் ‘தி ஜாக்சன் 5ஐவ்’ தொடராகத் திரும்பியது. ராங்கின்/பாஸ் நிறுவனமும் மோடவுன் இசைத்தட்டு நிறுவனமும் சேர்ந்து தயாரித்த 23 பகுதிகள். இயக்கியவர் ராபர்ட் பால்சர், ‘யெல்லோ சப்மரின்’ படத்தின் அனிமேஷன் இயக்குநர்களில் ஒருவர். அங்கும் மைக்கேல் ஜாக்சனுக்கும் சகோதரர்களுக்கும் வேறு சிறுவர்கள்தான் குரல் கொடுத்தார்கள். மோடவுன் தலைவர் பெரி கார்டியின் குரலாகப் பேசியவர் வேறு யாருமல்ல, நம் பால் ஃப்ரீஸ். முதல் பகுதியில் மோடவுன் பாடகி டயானா ராஸ் மட்டும் தன் பாத்திரத்துக்குத் தானே பேசினார். அடுத்த ஆண்டு ‘தி ஆஸ்மண்ட்ஸ்’ தொடரில்தான் ஒரு குழு தன் கார்ட்டூனுக்குத் தானே முழுவதும் வாய் திறந்தது. அந்தத் தொடர் 17 பகுதிகளோடு முடிந்தது.

பீட்டில்ஸ் தொடருக்கும் ஜாக்சன் தொடருக்கும் உள்ள முக்கிய வேறுபாடு தயாரிப்பு மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது. மோடவுன் தானே பங்காளி; பாட்டும் அதனுடையது. பீட்டில்ஸ் தொடரில் படம் ஒருவரிடம், பதிவு வேறொருவரிடம், இயற்றிய பாட்டின் உரிமை மூன்றாமவரிடம். ஜாக்சன் தொடர் 2013இல் டிவிடி வட்டாக வெளியானது. பீட்டில்ஸ் தொடரின் உரிமையைக் குழுவின் சொந்த நிறுவனமான ஆப்பிள் கோர் பின்னாளில் வாங்கிவிட்டது. அதிகாரபூர்வமான வெளியீடு எதுவும் இதுவரை வரவில்லை. 1980களின் பிற்பகுதியில் எம்டிவியில் மறு ஒளிபரப்பானபோது வீட்டு வீடியோ நாடாவில் பதிவானவற்றின் பிரதிகளே பெரும்பாலும் ரசிகர்களிடையே கைமாறுகின்றன. பழங்குடிக் கதைகளையும் ஜப்பான் கதைகளையும் எப்படி வெளியிடுவது என்ற தயக்கம் புரிகிறது. அதற்காக, கூடவே பாடும் பகுதிகளை மட்டும் தனியே தொகுத்து வெளியிடுவதற்கு என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை. தொடரில் மீட்டெடுக்கத் தகுந்த பகுதி அதுதான்.